பின்னங்கால் இல்லாத நாற்காலி

1965 மார்ச் 26, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மலைமேல் இருந்த சித்திரபுரத்தில் மழை இல்லை. விடியற்காலையில் இறங்கிய மூடுபனி ஒன்பதேகாலுக்கு விலகி, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் விழுந்திருந்தது. ஆனாலும் குளிர் விடவில்லை. மணியைப் பார்த்தது நான்தான், எனக்கு வேறு வேலை இல்லை. பத்து வயது. பொன்னுக்கு வீங்கி வந்து ஐந்தாம் நாள். இரண்டு கன்னத்திலும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டு மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் காதுவரை வலிக்கும். அந்த நிமிடத்தில்தான் ஓர் அதிகாரி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் பேசவில்லை, இரண்டு விரலைக் காட்டினேன்.

என் வயதுக்காரர்களே, முழங்கால் தேய்ந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களே, அந்த இரண்டு விரலுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்ததை அறுபது வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது என் கன்னம் வீங்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அப்பா அங்கே ஒரு நீர்மின் வேலை அலுவலகத்தில் ட்ராஃப்ட்ஸ்மேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பாலக்காட்டில் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த மனிதர், மலைக்கு வந்த பிறகும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தார். அவர் சட்டையில் எப்போதும் அம்மோனியா வாசனை இருக்கும், ப்ளூ பிரிண்ட் எடுக்கிற அறையின் வாசனை. படம் வரைந்து கழித்துப்போட்ட ட்ரேசிங் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தால் உள்ளே மல் போல மெல்லிய வெள்ளைத் துணி கிடைக்கும். அதில் எனக்குக் கைக்குட்டைகள் தைத்திருந்தாள். மொத்தம் பதினொன்று. ஒன்றில் மட்டும் எவ்வளவு துவைத்தும் ஒரு மாடிப்படியின் கோடு போகவில்லை.

1964 மழைக்காலத்தில் அந்த அலுவலகம் ஒரு விருந்தினர் பங்களா கட்டியது. வரைந்தவர் தலைநகரத்திலிருந்து வந்த இளம் என்ஜினீயர். மலையில் அதுவரை பங்களா என்றால் ஓடு, கம்பி கட்டிய வராந்தா, சாய்வு நாற்காலி. இவர் தட்டையான கூரை வைத்தார். ஜன்னல்களை நிமிர்த்தாமல் படுக்க வைத்தார், சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நீளம், மெல்லிய மரப் பலகைப் பட்டைகள் அடுக்கியது. வாசலில் கார் நிற்கிற இடத்துக்கு மேலே ஒன்பதடி நீளத்துக்குக் கான்கிரீட் கூரை நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தூண் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் கூரைக்குக் கொடுத்திருந்த முட்டுகளை எடுக்கிற நாளில் இருபத்து மூன்று வேலையாட்கள் இருந்தார்கள். கடைசி முட்டு விழுந்ததும் இருபத்து மூன்று பேரும் வெளியே போய் நின்றுகொண்டார்கள். அப்பா என் கையைப் பிடித்து நேராக அதற்கு அடியில் கூட்டிப்போனார்.

பட்டறை வெல்டர் தூரத்திலிருந்து கூப்பிட்டார். அவர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம்.

“சாமி, வெளிய வந்துருங்க. எனக்கு நேத்து கனா சரியில்ல.”

“கனாவிலே தூண் இருந்துதோ?” என்று அப்பா கேட்டார்.

இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. அப்பா ஜிப்பாவிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் விழவில்லை என்று கேட்டேன்.

“இதோட வால் செவுத்துக்குள்ளே இருக்கு. மின்னாடி நீட்டினதுக்குப் பின்னாடி ஒருத்தர் கனமா உக்காந்துண்டா போறும்.”

இந்த வாழைப்பழக் கதை காதுக்கு எட்டிய பிறகு அம்மா அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. அவள் கோபம் நியாயம். இப்போது என் பேரனை யாராவது அப்படிக் கொண்டுபோய் நிறுத்தினால் நான் போலீசுக்குப் போவேன். இதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

பங்களா முடிகிற நேரத்தில், உள்ளே போடுகிற நாற்காலிக்கும் ஒரு படம் வரையச் சொல்லிவிட்டு என்ஜினீயர் மாற்றலாகிப் போனார். அப்பா ஆறு வாரம் வரைந்தார். சாப்பாட்டு நேரத்தில் தட்டை நகர்த்திவிட்டு வரைந்தார். கடைசியில் வந்தது ஒரே கோடு. ஓர் அங்குலக் குழாய். முதுகு உயரம் பதினெட்டு அங்குலம், அங்கிருந்து உட்காருகிற இடம் பதினேழு, அங்கே வளைந்து முன்பக்கமாகத் தரைக்கு இறங்க பதினாறு, தரையோடு பின்னால் போக பதினெட்டு. அறுபத்தொன்பது. இரண்டு பக்கத்துக்கும் நூற்று முப்பத்தெட்டு. மேலே ஒன்று, தரையில் ஒன்று என்று பதினெட்டு அங்குலக் குறுக்கு இரண்டு. ஆக நூற்று எழுபத்து நான்கு அங்குலம், பதினான்கரை அடி. ஒரே இடத்தில் ஒட்டு. பின்னங்கால் என்று ஒன்று கிடையாது. உட்காருகிற இடம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த வாசல் கூரை மாதிரியே. கூரைக்கு வால் சுவருக்குள் இருந்தது. இதற்கு வால் தரையில், உட்காருகிறவருக்கு நேர் கீழே. உட்காருகிற கனமே அதை அழுத்திப் பிடிக்கும். பங்களா ஜன்னலில் இருந்த அதே அகலத்தில் ஒன்பது தேக்குப் பட்டைகள் இருக்கைக்கு. அதே இடைவெளி. ஜன்னலைத் தூக்கிப் படுக்க வைத்து அதன்மேல் உட்காருவது போல.

மாதிரிக்கு ஒன்று செய்ய ஸ்டோரில் சீட்டுப் போட்டுக் குழாய் வாங்கினார்கள். வெல்டர் குழாய்க்குள் ஆற்று மணலை இடித்து நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து, உலையில் பழுக்கவிட்டு வளைத்தார். மணல் நிரப்பாமல் வளைத்தால் குழாய் நசுங்கிப் போகும். அணைக் குழாய்களுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டைப் பூசினார்கள். முடிந்ததும் வெல்டர் அப்பாவைப் பார்த்து, “ஒக்காருங்க சாமி. நான் அந்தப் பக்கமா நின்னுக்கிடுதேன்” என்றார். அப்பா உட்கார்ந்தார். நாற்காலி அரை அங்குலம் கீழே போய்த் திரும்பி வந்தது. வெல்டர் கிட்டே வந்து, தானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து, “தூளி மாரில்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

ஸ்டோரில் ஈரம், அதனால் பங்களாத் திறப்புவரை மாதிரி எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கட்டும் என்று ஸ்டோர் கீப்பரே சொன்னார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மார்ச் 22 திங்கட்கிழமை எனக்குக் கன்னம் வீங்கியது. பள்ளிக்கூடம் இல்லை. அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆயிரம் தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது, நான்கு நாள். காய்ச்சல்காரப் பிள்ளையை இப்படிப் படுத்துவார்களா என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றையும் விடவில்லை. ஐந்து ஐந்தாக ஸ்லேட்டில் கோடு போட்டேன். எழுநூற்று முப்பத்தொன்றாவது தடவை ஒட்டில் ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அப்பா தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். வெல்டர் வந்து ஒட்டைத் திருத்தினார். அதற்கப்புறம் ஆயிரம்வரை சத்தமே இல்லை. வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு ஆயிரம் முடிந்தது. அம்மா நாற்காலியில் உட்காரவே மாட்டாள், யார் எதிரிலும். ஆனால் அன்று மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்து ஒரு தடவை உட்கார்ந்தாள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. வருடக் கடைசிச் சரிபார்ப்பு. குவார்ட்டர்ஸில் இருந்த மேசை, கட்டில், நாற்காலி எல்லாம் அலுவலகச் சொத்து. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் உண்டு. நாற்காலி என்றால் அது இடது பின்னங்காலின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும். அதிகாரி வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து ரெஜிஸ்டரில் டிக் போடுவார். எங்கள் வீட்டில் ஏழு சாமான்கள், ஏழுக்கும் டிக். எட்டாவதைக் கவிழ்த்தார். நம்பர் போடப் பின்னங்கால் இல்லை.

கூட வந்த ஸ்டோர் கீப்பர் கையில் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். அவரும் தெற்கத்தி மனிதர், கெட்டவர் இல்லை. “முன்பக்கம் போட்டுக்கிடலாம்லா சார்? சின்னதா, தெரியாத மாரி போடுதேன்” என்று அப்பாவிடம் கெஞ்சினார்.

அப்பா சொன்னார்: “மின்னாடி நம்பர் போட்டா அது கசேரை இல்லை, ஜெயில்புள்ளியாக்கும்.” கசேரை என்றால் நாற்காலி, ஜெயில்புள்ளி என்றால் கைதி.

இங்கேதான் நீங்கள் என்னைப் பிடிப்பீர்கள். தெரியும். முன்பக்கம் சின்னதாக ஒரு நம்பர், அவ்வளவுதானே, அதில் என்ன குறைந்துவிடும் என்பீர்கள். என் மனைவி நாற்பத்தாறு வருடம் இதையே கேட்டாள். நான் பதில் சொல்கிறேன்: ஒன்பதடி வாசல் கூரையின் நெற்றியில் யாராவது நம்பர் எழுதினார்களா? எழுதவில்லை. அப்பா சொன்னது சரி.

அதிகாரிக்கு இந்த வம்பு வேண்டாம். மத்தியானத்துக்குள் இன்னும் பதினான்கு வீடு பார்க்க வேண்டும். ரெஜிஸ்டரில் நாற்காலிக்கு நேரே இரண்டு வழிதான் உண்டு, நல்லது அல்லது உடைந்தது. நம்பர் இல்லாமல் நல்லது என்று எழுத முடியாது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் மஞ்சள் முகமும் தங்கச் சங்கிலியுமாக நான்.

“மோனே, இதினு எத்ர காலு?” என்று மலையாளத்தில் கேட்டார். எத்தனை கால் என்கிறார்.

நான் எண்ணுகிற பிள்ளை. கேட்டால் எண்ணிவிடுவேன். தரையைத் தொடுகிறது முன்பக்கம் இரண்டு. இரண்டு விரலைக் காட்டினேன்.

“அது தன்னே” என்று சொல்லி எழுதினார். இரும்பு நாற்காலி ஒன்று, இரண்டு கால்கள் இல்லை, கழித்துவிடலாம். எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி அப்பாவிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டால் ஒன்றும் இல்லை. ஒரு சாமான் உடைந்தது, அவ்வளவுதான். அப்பா பேனாவை வாங்கினார். கையெழுத்து இடத்தில், வரைபடத்தில் எழுதுகிற அந்தக் கட்டை எழுத்தில், ‘ஒரு காலும் குறையவில்லை. முழுமையானது’ என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஸ்டோர் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். ரெஜிஸ்டரில் அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. முழுமையான சாமான் என்றால் நம்பர் எங்கே, நம்பர் இல்லாத முழுமையான சாமான் அலுவலகக் குழாயில் செய்யப்பட்டு ஒருவர் வீட்டில் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது.

அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஈரம், புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். நாற்காலியை நிமிர்த்தி வைத்து, மூன்று ஆண்களுக்கு முன்னால் அதில் உட்கார்ந்தாள். அரை அங்குலம் போய்த் திரும்பி வந்தது.

“நான் உக்காந்துண்டிருக்கேன். ஒடஞ்சுபோனதுன்னு இப்போ எழுதுங்கோ.”

அதிகாரி அவளைப் பார்க்காமல் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: “சேச்சி, இரிக்கான் பற்றுமோ என்னல்ல சோத்யம்.” உட்கார முடியுமா என்பதல்ல கேள்வி. கேள்வி கால்தான். “குட்டி தன்னே பறஞ்ஞு, ரெண்டு.”

பிள்ளையே சொல்லிவிட்டான். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன். ஒரு படத்தில் தப்பான அளவு இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். எங்கே பிசகியது என்று தேடுகிற பார்வை.

என் தப்பு கூட்டலில் இல்லை. கால் எத்தனை என்று கேட்டபோது காலை எண்ணியதுதான் தப்பு. அந்த நாற்காலியைப் பற்றி எனக்குத் தெரிந்த எண்கள் வேறு. பதினான்கரை அடி. ஒரே ஒட்டு. ஒன்பது பட்டை. ஆயிரம் தடவை. ஆயிரத்தைக் காட்ட என் கையில் விரல் போதாது, சொல்ல வாய் திறக்காது. வலித்தால் வலிக்கட்டும் என்று திறந்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தவை சுருக்கம். களவு என்ற பேச்சு எடுபடவில்லை, ஸ்டோரில் போட்ட சீட்டு இருந்தது. ஆனால் ரெஜிஸ்டரைக் கெடுத்ததற்கு அப்பாவின் ஓர் ஊதிய உயர்வு போயிற்று. பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஆறு வருடம் மதில் சுவரும் கழிப்பறையும் வரைந்தார். அந்த என்ஜினீயருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அத்தனையும் தீர்ந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவர் எழுதவில்லை. கர்வம்தான். இருக்கட்டும், அந்த மனிதரிடம் வேறு சொத்து இல்லை.

பங்களாவில் நாலுகால் தேக்கு நாற்காலிகள் பன்னிரண்டு போட்டார்கள், எல்லாவற்றுக்கும் சரியான இடத்தில் நம்பர். இரண்டு வருடம் கழித்து ஒரு திருமணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது எண்ணினேன். ஐந்துக்கு ஒவ்வொரு கால் ஆடியது, ஒன்றுக்குக் காலே இல்லை, செங்கல் வைத்திருந்தார்கள். நம்பர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கழித்த சாமான்களை மே மாதம் ஏலம் விட்டார்கள். துருப்பிடித்த வாளி, கிழிந்த தார்ப்பாய், உடைந்த தராசு, நடுவில் அது. எல்லாவற்றையும் ஒரே குவியலாக ஒரு பழைய இரும்புக்காரர் எடுத்தார். லாரி கிளம்புவதைப் பார்க்க நான் தேயிலை மேட்டில் ஏறி நின்றேன். அங்கிருந்து கீழே நான்கு வளைவு தெரியும். முதல் வளைவில் வண்டி மறைந்து இரண்டாவதில் வந்தது. குவியலின் உச்சியில் நாற்காலி நேராக நின்றது. அதில் லோடு ஏற்றுகிறவர் ஒருவர் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயில் பீடி, கை இரண்டும் மடியில். லாரி குழியில் விழும்போதெல்லாம் வாளிகள் துள்ளின, தராசுத் தட்டு ஒன்று எகிறி ரோட்டில் விழுந்தது. அவர் மட்டும் அரை அங்குலம் போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது வளைவில் கண்ணை மூடியிருந்தார். நான்காவதில் தூங்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆயிரத்து ஒன்று என்று எண்ணினேன். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். “பீடி கையிலே இருந்துதோ, வாயிலேயோ?” என்று கேட்டார். வாயில், கை இரண்டும் மடியில் என்றேன். “அப்போ கை ரெண்டும் விட்டுட்டுன்னா உக்காந்திருக்கான்” என்றார். அன்று முழுவதும் அவர் முகம் நன்றாக இருந்தது.

நானும் பெரியவனாகி, முப்பத்து நான்கு வருடம் தணிக்கை வேலை பார்த்தேன். நானும் நாற்காலிகளைக் கவிழ்த்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் குழந்தையிடம் கேள்வி கேட்டதில்லை. இது ஒன்றுதான் என் பெருமை.

இப்போது பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இருக்கிறேன், வயது எழுபது. சென்ற சித்திரையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிரில் பட்டறை வைத்திருக்கிற இளைஞரிடம் போய் நூற்று எழுபத்து நான்கு அங்குலத்தையும் எழுதிக் கொடுத்தேன். படம் தேவைப்படவில்லை. என் மகன் போனில், இந்த மாதிரி நாற்காலி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தே விற்கிறார்களே, வாங்கி அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மருமகள் விழுந்துவிடுவேன் என்றாள். டாக்டர், பதினாறு அங்குலம் என் முழங்காலுக்குத் தாழ்வு என்றார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

பட்டறைக்காரர் மணல் நிரப்ப மறந்து முதல் குழாய் நசுங்கியது. இரண்டாவது குழாய் வளைக்கும்போது விரிசல் விட்டது. மூன்றாவது நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்கய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னாடி ரெண்டு காலு வெச்சுக் குடுத்தர்றனுங்க. அதுக்குன்னு தனியாக் கூலி வேண்டாமுங்க. உழுந்து கிழுந்து போனீங்கன்னா உங்க ஊட்டுல என்னையத்தானுங்க வைவாங்க.”

பார்த்தால், பதினாறு அங்குலத்தில் இரண்டு துண்டுகளை ஏற்கெனவே வெட்டி, முனை ராவி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை அங்குலம். இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். “பெருசு ஆடுதப்பா” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. ஆடவில்லை, அதன் வேலையே அது.

இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரத்துக்கு இன்னும் எழுநூற்று எண்பத்தெட்டு. நம்பர் எங்கும் போடவில்லை. நாற்காலிக்கு எத்தனை கால் என்று என் பேரன் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வாய் தயாராக இருக்கிறது.

அந்த இரண்டு துண்டுகளையும் பட்டறையில் விட்டு வர மனம் வரவில்லை. நான் இல்லாதபோது யாராவது நல்ல எண்ணத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். விலை கேட்டு அவற்றையும் வாங்கி வந்து, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கெட்டுப்போன இரண்டு குழாய், நின்ற ஒன்று, தேக்குப் பட்டை ஒன்பது, வெள்ளிப் பெயிண்ட், கூலி, ஆட்டோ, ஒட்ட விடாத அந்த இரண்டு பின்னங்கால்கள், எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினோராயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.